புயல் ஒரு பக்கம், கஸ்டம்ஸ் ஒரு பக்கம்: குட்டி நாடுகள் நடுவுல மாட்டிக்கிட்ட கதை

வாழை போட்டிருக்கிறவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, மழையை விட காத்துக்குத்தான் அதிகமா பயப்படுவாங்க. வாழை பேருக்குத்தான் மரம், உள்ள கட்டையே கிடையாது, மட்டை மேல மட்டையா சுத்தின நாரும் தண்ணியும்தான், அதுல தார் வேற ஒரு பக்கமா கனமா தொங்கும், அதனாலதான் முட்டு கொடுத்து நிறுத்துறாங்க, அப்படியும் ஒரு ராத்திரி காத்து பலமா அடிச்சுதுன்னா விடியக்காலைல போய்ப் பாத்தா வரிசையா ஒரே பக்கமா சாஞ்சு கிடக்கும். இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, நான் விளக்க வந்த விஷயம் "சர்வதேச வர்த்தகக் கொள்கையும் காலநிலை மாற்றமும்", பேரைக் கேட்டாலே பாதிப் பேர் அப்படியே கடந்து போயிருவாங்க, ஆனா அதுல இருக்கிற முக்கியமான சங்கதி முழுக்க ஒரு வாழைத் தோட்டத்துலயே கிடைக்கும்.

கரீபியன் கடல்ல டொமினிகான்னு ஒரு தீவு (டொமினிக்கன் ரிபப்ளிக் வேற நாடு, குழப்பிக்காதீங்க). மொத்த ஜனத்தொகையே சுமார் 70,000, நம்ம ஊர்ல ஒரு நகராட்சில அவ்வளவு பேர் இருப்பாங்க. தீவு முழுக்க மலை. அந்த மலைச்சரிவுல ஒரு காலத்துல குடும்பம் குடும்பமா கொஞ்ச கொஞ்ச நிலத்துல வாழை, தார் மேல நீல கலர் பிளாஸ்டிக் உறை மாட்டி விட்டிருப்பாங்க, பூச்சியும் உரசலும் படாம இருக்கணும்னு. இங்கிலாந்துக்கு பழம் ஏத்துற கப்பல் வரும், கப்பல் வர்ற நாள்தான் ஊர்ல காசு புழங்குற நாளா இருந்துச்சு. பச்சைத் தங்கம்னே வாழைக்குப் பேரு. பக்கத்துல இருக்கிற செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் கதையும் இதேதான்.

1979 ஆகஸ்ட் கடைசில டேவிட்னு ஒரு புயல் டொமினிகாவை நேரா அடிச்சுது, வாழை கிட்டத்தட்ட எல்லாமே போச்சு, அடுத்த வருஷமே ஆலன்னு இன்னொரு புயல். இதுக்கு மேல அந்த நாடு எந்திரிக்காதுன்னுதான் நமக்குத் தோணும். ஆனா 80களோட கடைசில பாத்தா டொமினிகாவோட வாழைப்பழ ஏற்றுமதி அதோட வரலாற்றுலயே உச்சத்துல இருந்துச்சு. வாழை ஒன்பது பத்து மாசத்துல தார் விடுற பயிர், விழுந்தா மறுபடி நட்டுக்கலாம், நட்டாங்க.

அடுத்து 2017 செப்டம்பர் 18, மரியா புயல், அஞ்சாம் நம்பர் வகை, அதாவது புயல் அளவுகோல்ல இருக்கிறதுலயே பெருசு. அன்னைக்கு ராத்திரி அந்த நாட்டோட பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் தன்னோட வீட்டுக் கூரை பறந்துருச்சு, வீட்டுக்குள்ள தண்ணி வருதுன்னு பேஸ்புக்ல எழுதிட்டு இருந்தாரு, அப்புறம் அவரையே காப்பாத்தி வெளிய கூட்டிட்டு வந்தாங்க. பிரதமருக்கே இந்தக் கதின்னா மத்தவங்க வீட்டை நினைச்சுப் பாருங்க. மொத்த சேதமும் நஷ்டமும் சுமார் 130 கோடி டாலர், அந்த நாட்டோட ஒரு வருஷ ஜிடிபில 226%. வருஷம் பூரா நாடே உழைச்சு 100 ரூபா சம்பாதிக்குதுன்னா ஒரே ராத்திரில 226 ரூபா போச்சுன்னு அர்த்தம். இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் 2015ல எரிக்கான்னு ஒரு புயல் ஜிடிபில 90% அளவுக்கு அடிச்சிட்டுப் போயிருந்துச்சு. மரியாவுக்கு அப்புறம் வாழை ஏற்றுமதி அந்தப் பழைய உயரத்துக்குப் பக்கத்துல கூட வரல.

டேவிட்டுக்கு அப்புறம் எந்திரிச்ச தோட்டம் மரியாவுக்கு அப்புறம் ஏன் எந்திரிக்கல? புயலோட பலம் ஒரு காரணம், மறுக்க முடியாது. ஆனா பெரிய காரணம் புயல் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஜெனீவால ஒரு ஆபீஸ்ல நடந்து முடிஞ்சிருச்சு. அதை சொல்லத்தான் இந்த நீளக் கட்டுரை.

ஒரு நாடு வெளிநாட்டுல இருந்து வர்ற சாமானுக்கு எவ்வளவு வரி போடுது, எவ்வளவு உள்ள விடுது, என்னென்ன பேப்பர் கேக்குது, இதெல்லாம் சேந்ததுதான் வர்த்தகக் கொள்கை. இதுக்கெல்லாம் பொதுவா ஒரு விதிப்புத்தகம் வச்சிருக்கிற இடம் ஜெனீவால இருக்கிற உலக வர்த்தக அமைப்பு, 1995ல ஆரம்பிச்சது, இப்ப 166 மெம்பர். அந்தப் புத்தகத்தோட முதல் விதி கேக்குறதுக்கு ரொம்ப நியாயமா இருக்கும்: ஒரு மெம்பருக்கு ஒரு சலுகை கொடுத்தா அதே சலுகையை எல்லா மெம்பருக்கும் கொடுக்கணும், ஆளுக்கொரு ரேட் வைக்கக் கூடாது.

இப்ப வாழைக்கு வாங்க. ஐரோப்பா தன்னோட பழைய காலனி நாடுகளுக்கு, அதாவது டொமினிகா மாதிரி இடங்களுக்கு, 1975ல போட்ட லோமே ஒப்பந்தம் வழியா ஒரு தனி சலுகை வச்சிருந்துச்சு: உங்க பழத்துக்கு வரி இல்ல, இவ்வளவு அளவு கண்டிப்பா உள்ள வரலாம்னு. ஈக்வடார், ஹோண்டுராஸ், குவாத்தமாலா பக்கம் இருந்து வர்ற பழத்துக்கு (அதுக்கு டாலர் வாழைப்பழம்னு பேரு) வரியும் கோட்டாவும் இருந்துச்சு. அங்கல்லாம் சமவெளில மைல் கணக்கா தோட்டம், தாரை கம்பி வடத்துல தொங்கவிட்டே பேக்கிங் ஷெட்டுக்கு இழுத்துட்டுப் போவாங்க, மலைச்சரிவுல தலைச்சுமையா தூக்குற டொமினிகா விவசாயி அந்த விலைக்கு எந்தக் காலத்துலயும் விக்க முடியாது. 1996ல அமெரிக்காவும் நாலு லத்தீன் அமெரிக்க நாடுகளும் சேந்து கேஸ் போட்டாங்க, 1997ல ஐரோப்பா தோத்துச்சு, அப்படியும் சரியா மாத்தலைன்னு 1999ல அமெரிக்கா ஐரோப்பாவோட ஹேண்ட்பேக், பெட்ஷீட் மாதிரி சாமான் மேல வருஷத்துக்கு 19.14 கோடி டாலர் அளவுக்கு பதிலடி வரி போட்டுச்சு. இத்தனைக்கும் அமெரிக்கா ஐரோப்பாவுக்கு வாழைப்பழம் விக்கிற நாடே இல்ல, அந்தப் பெரிய தோட்டங்களும் வியாபாரமும் அமெரிக்கக் கம்பெனிங்க கைல இருந்துச்சு. 2009ல ஜெனீவால சமாதானம் ஆகி, டாலர் வாழைப்பழத்துக்கு ஒரு டன்னுக்கு 176 யூரோவா இருந்த வரி படிப்படியா 114 யூரோவுக்கு இறங்குச்சு.

ஈக்வடார் விவசாயியும் ஹோண்டுராஸ் கூலித் தொழிலாளியும் ஒண்ணும் பணக்காரங்க இல்ல, அவங்களுக்கும் விக்கணும்ல, அந்தக் கோபத்துலயும் நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா விதி ஒண்ணா இருந்தா போதும், எல்லாரும் ஒரே கோட்டுல நிக்கிறாங்கன்னு ஆயிருமா?

சலுகை இருந்த காலத்துல விழுந்த வாழையை மறுபடி நடுறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, நட்டா ஒன்பது மாசத்துல கப்பல் வரும், காசு வரும். டொமினிகா, செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா நாலு தீவுக்கும் சேத்து வாழைக்குன்னே வின்க்ராப்னு ஒரு தனி காப்பீட்டுக் கம்பெனியே 80கள்ல ஆரம்பிச்சாங்க, புயல் நஷ்டத்துக்குக் கொடுக்கிறதுக்கு, பிரீமியம் பழம் வித்த காசுல இருந்தே பிடிப்பாங்க. ஏற்றுமதி சுருங்க சுருங்க அந்தப் பிரீமியமும் சுருங்கும்ல. சந்தை போனதும் விவசாயி ஒவ்வொருத்தரா தோட்டத்தை விட்டாங்க, 2017ல புயல் வந்தப்ப எந்திரிக்கிறதுக்கு அங்க ஏற்றுமதியே பெருசா மிச்சம் இல்ல. புயல் தள்ளி விடும், ஆனா மறுபடி எந்திரிக்க வலு இருக்கா இல்லையாங்கிறதை முடிவு பண்றது அந்த நாடு என்ன விக்குது, யாருக்கு விக்குது, எவ்வளவு வரி கட்டி விக்குதுங்கிறதுதான். எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்துல புரிஞ்சுக்க வேண்டிய முதல் பாடமே இதுதான், ஏன்னா காலநிலைன்னா விஞ்ஞானம், வர்த்தகம்னா பொருளாதாரம்னு தனித்தனியா படிச்சுப் பழகிட்டோம், அங்க தோட்டத்துல நிக்கிறவருக்கு ரெண்டும் ஒரே கஷ்டம்தான்.

இது வரைக்கும் பழைய கதை. புதுசா வந்திருக்கிறது என்னன்னா, காலநிலையைக் காப்பாத்துறதுக்குன்னே பார்டர்ல வரி.

சுற்றுச்சூழலை காரணம் காட்டி சாமானைத் தடுக்கலாமான்னு ஒரு கேள்வி ரொம்ப நாளா இருக்கு. விதிப்புத்தகத்துல இருபதாவது ஷரத்துன்னு ஒண்ணு இருக்கு, உயிர்களைக் காக்க, தீந்து போகிற இயற்கை வளத்தைக் காக்க விதிவிலக்கு எடுத்துக்கலாம்னு. 90கள்ல அமெரிக்கா, ஆமை தப்பிச்சுப் போற கருவி வலைல மாட்டாம பிடிச்ச இறாலை வாங்க மாட்டோம்னு சொன்னப்ப இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலும் சேந்து கேஸ் போட்டாங்க. 1998ல வந்த தீர்ப்பு என்ன சொல்லுச்சுன்னா, ஆமையைக் காப்பாத்துறது நியாயமான நோக்கம்தான், ஆனா கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு நிறைய டைமும் உதவியும் கொடுத்துட்டு இந்த நாலு நாட்டுக்கும் கொடுக்காதது பாரபட்சம்னு. நோக்கம் சரியா இருந்தா மட்டும் போதாது, நடத்துற விதமும் சரியா இருக்கணும். 1992 காலநிலை உடன்படிக்கைலயும் மூணாவது ஷரத்துல இதே மாதிரி ஒரு வரி இருக்கு, காலநிலைப் பேரைச் சொல்லி வியாபாரத்துல மறைமுகமா தடை போடக் கூடாதுன்னு.

இப்ப சிபாம். ஐரோப்பிய யூனியன் கொண்டு வந்த கார்பன் எல்லை வரி. 2005ல இருந்தே ஐரோப்பால பெரிய ஆலைங்க ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு விட்டா அதுக்கு ஒரு பெர்மிட் வாங்கணும், பெர்மிட்டுக்கு மார்க்கெட் விலை இருக்கு. அங்க இருக்கிற இரும்பு ஆலைக்காரர் கேக்குறது நியாயம்தான், நான் காசு கட்டுறேன், வெளிய இருந்து வர்ற இரும்புக்குக் கட்ட வேண்டாம்னா என் ஆலையை மூடிட்டு வேற நாட்டுக்குப் போயிருவேன், புகை அங்க போகும், உலகத்துக்கு என்ன லாபம்? அதனால வெளிய இருந்து வர்ற சாமானுக்கும் அதே மாதிரி விலை. சிமெண்ட், இரும்பு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் இந்த ஆறுக்கும் இப்போதைக்கு. 2023 அக்டோபர்ல இருந்து கணக்கு மட்டும் கொடுத்துட்டு இருந்தாங்க, 2026 ஜனவரி 1ல இருந்து காசு. ஐரோப்பிய ஆலைகளுக்கு இலவசமா கிடைச்சுட்டு இருந்த பெர்மிட்டை வருஷா வருஷம் குறைச்சு 2034ல சுத்தமா நிறுத்துறாங்க, அதே வேகத்துல இந்த வரியும் ஏறும்.

சும்மா புரியுறதுக்கு ஒரு கணக்கு போடுவோம். நிலக்கரி போட்டு ஊது உலைல ஒரு டன் இரும்பு பண்ணா சுமாரா 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிய போகும். பெர்மிட் விலை 80 யூரோன்னு வச்சுக்கிட்டா முழுசா அமல் ஆனப்புறம் ஒரு டன் இரும்புக்கு 160 யூரோ. சொந்த நாட்டுலயே ஏற்கனவே கார்பன் வரி கட்டிருந்தா அதைக் கழிச்சுக்கலாம், ஆனா ஏழை நாடுகள்ல பெரும்பாலும் அந்த மாதிரி வரியே கிடையாது, அப்ப என்ன கழிக்கிறது.

காசை விட முதல்ல இடிக்கிறது பேப்பர். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் போல்ட், நட்டு பண்ற ஒரு சின்ன யூனிட்ல கணக்கு பாக்குறாரு, அதுவும் சிபாம் லிஸ்ட்ல வருது. ஐரோப்பால வாங்குற பார்ட்டிகிட்ட இருந்து ஒரு எக்செல் ஃபைல் வந்துச்சு, ஷீட் மேல ஷீட். எந்த மெஷின்ல எவ்வளவு எரிபொருள், எவ்வளவு யூனிட் கரண்ட், கரண்ட் எங்க இருந்து, இது வரைக்கும் கூட ஈபி பில்லையும் டீசல் பில்லையும் வச்சு ஒப்பேத்திரலாம், அடுத்த ஷீட்ல கேக்குறான் நீங்க வாங்கின இரும்புக் கம்பி எந்த ஆலைல பண்ணது, அங்க ஒரு டன்னுக்கு எவ்வளவு புகைன்னு. இவரு கம்பி வாங்குறது டீலர்கிட்ட, டீலருக்குப் போன் போட்டு சார் உங்க கம்பிக்கு கார்பன் எவ்வளவுன்னு கேட்டா அவரு என்ன சொல்வாரு பாவம். அந்தக் கட்டத்துல எதைப் போடுறதுன்னு தெரியாம மூணு நாள் உக்காந்திருந்தாரு. சரியான எண் இல்லைன்னா ஐரோப்பாவே ஒரு எண்ணைப் போட்டுக்கும், அது மேல கொஞ்சம் கூட்டியும் வைப்பாங்க, அதாவது சுத்தமா பண்ணிருந்தாலும் நிரூபிக்க முடியலைன்னா அழுக்கான சாமான் ரேட்டுதான். சொந்தக் கணக்கைக் காட்டணும்னா அங்கீகாரம் வாங்கின ஆடிட்டர் வந்து சரிபாக்கணும்.

ஆடிட்டரும் கன்சல்டன்டும் இவ்வளவு இருக்கிற நம்ம நாட்டுலயே இதுன்னா, மொசாம்பிக் மாதிரி நாட்டுல?

மொசாம்பிக்ல 1992ல உள்நாட்டுப் போர் முடிஞ்சுது. அதுக்கு அப்புறம் வந்த முதல் பெரிய தொழிற்சாலை மொசால் அலுமினிய ஆலை, தலைநகர் மபூட்டோ பக்கத்துல, 2000ல உற்பத்தி ஆரம்பிச்சாங்க. வருஷத்துக்கு 5 லட்சம் டன்னுக்கு மேல பண்ற அளவு பெருசு, அந்த நாட்டோட முக்கியமான ஏற்றுமதிகள்ல ஒண்ணா இருந்துச்சு, பெரும் பங்கு ஐரோப்பாவுக்குப் போச்சு. சிபாம்னால அதிகம் அடிபடப் போற ஏழை நாடு எதுன்னு பேச்சு வந்தா மொசாம்பிக் பேர் முதல்ல வர்றது இதனாலதான். ரொம்ப ஏழ்மையான நாடுகளுக்கு மட்டுமாவது விலக்கு கொடுங்கன்னு கேட்டாங்க, கொடுக்கல.

இந்த ஆலையோட கரண்ட் கதையைக் கொஞ்சம் பாருங்க, எனக்கு இது படிச்சதுல இருந்து மனசை விட்டுப் போகல. மொசாம்பிக்லயே ஜாம்பேசி ஆத்து மேல காஹோரா பாஸான்னு ஒரு பெரிய அணை இருக்கு, சுத்தமான நீர்மின்சாரம். அந்தக் கரண்ட் 1,400 கிலோமீட்டர் லைன்ல தென்னாப்பிரிக்காவுக்குப் போகும், அங்க எஸ்காம்னு அவங்க அரசு மின் நிறுவனம் வாங்கும், அது திரும்ப மொசாலுக்கு வித்துட்டு இருந்துச்சு. எஸ்காம் கரண்ட்ல பெரும்பங்கு நிலக்கரி. இப்ப சொல்லுங்க, மொசால் அலுமினியம் தண்ணில உருகினதா நிலக்கரில உருகினதா? ஆத்துத் தண்ணிக்குத் தெரியாது, பேப்பர்ல எப்படி எழுதுறோம்ங்கிறதுதான் கணக்கு. இப்போதைக்கு சிபாம் அலுமினியத்துக்கு ஆலைல நேரா வர்ற புகையை மட்டும்தான் கணக்குல எடுக்குது (உருக்குறப்ப கார்பன் கட்டைகள் எரிஞ்சு தீரும், அதுவே ஒரு டன் அலுமினியத்துக்கு ஒன்றரை டன் கிட்ட கார்பன் டை ஆக்சைடு விடும்), நாளைக்குக் கரண்டையும் சேத்தாங்கன்னா இந்தக் கேள்வி கோடிக்கணக்குல காசு ஆயிரும்.

இன்னொரு கொடுமை. ஆலையோட மின் ஒப்பந்தம் 2026 மார்ச் வரைக்கும்தான் இருந்துச்சு, கட்டுப்படியாகுற விலைல கரண்ட் கிடைக்கலைன்னா நிறுத்தி வைக்க வேண்டியதுதான்னு ஆலையை நடத்துற கம்பெனி 2025ல அறிவிச்சுது. அப்ப சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, வறட்சினால அணைல போதுமான அளவு கரண்ட் எடுக்க முடியாம போகலாம்ங்கிறது. ஒரு பக்கம் மழை இல்லாம கரண்டுக்கு ஆபத்து, இன்னொரு பக்கம் கார்பன் வரினால சந்தைக்கு ஆபத்து. 2019 மார்ச்ல இடாய் புயல் பெய்ரா துறைமுக நகரத்தை சின்னாபின்னம் ஆக்குச்சு, மொசாம்பிக்ல மட்டும் 600 பேர் கிட்ட செத்தாங்க, ஆறு வாரத்துல கென்னத்னு இன்னொரு புயல் வடக்குல. அப்ப சர்வதேச நாணய நிதியம் கொடுத்தது சுமார் 11.8 கோடி டாலர். வட்டி இல்லதான், ஆனா கடன், திருப்பிக் கட்டணும். கட்டுறதுக்கு டாலர் எங்க இருந்து வரும்? அலுமினியம் மாதிரி எதையாவது வித்துத்தான்.

சரி, சிபாம்ல வர்ற காசு எங்க போகுது? ஐரோப்பாவுக்கே, பெரும்பகுதியை யூனியனோட பொது பட்ஜெட்டுக்கு எடுத்துக்கிறதுன்னுதான் அவங்க யோசனை. ஏழை நாட்டு ஆலை சுத்தமா மாறுறதுக்கு இந்தக் காசுன்னு சட்டத்துல ஒரு தனிப் பங்கு எழுதல. எனக்கு இந்த வரி மேல இருக்கிற முக்கியமான வருத்தமே இதுதான். வரியே கூடாதுன்னு நான் சொல்லல, புகைக்கு விலை வேணும், இல்லைன்னா டொமினிகாவும் மாலத்தீவும் இன்னும் சீக்கிரம் போயிரும். ஆனா உலகத்தோட மொத்தப் புகைல குட்டித் தீவு நாடுகள் எல்லாம் சேந்தே 1%க்கும் கம்மி. ஆப்பிரிக்கா கண்டமே இது வரைக்கும் விட்டது 3% சுமார். இருநூறு வருஷமா நிலக்கரி எரிச்சு வளந்தவங்க இப்பத்தான் கரண்டே பாக்குற நாட்டுகிட்ட வரி வசூல் பண்ணி தன் பட்ஜெட்ல வரவு வைக்கிறது சரியா? வசூல் பண்ண காசை அந்த நாட்டுக்கே திருப்பிக் கொடுத்து உலையை மாத்த வச்சா அதே வரி உதவியா மாறிடும், இது ஒண்ணும் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது, மனசு வச்சா ஒரு ஷரத்துல முடியுற வேலை.

ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு எண்ணும் சொல்றேன். காலநிலையால வர்ற இழப்புக்கு ஈடு கொடுக்க ஒரு நிதி வேணும்னு குட்டி நாடுகள் முப்பது வருஷமா கேட்டு 2022ல ஷார்ம் எல் ஷேக் மாநாட்டுல ஒத்துக்கிட்டாங்க, 2023ல துபாய்ல நிதி தொடங்குச்சு, அங்க பணக்கார நாடுகள் சேந்து தர்றோம்னு சொன்னது சுமார் 70 கோடி டாலர். மேல பாத்த டொமினிகாவோட அந்த ஒரு ராத்திரி நஷ்டம் 130 கோடி.

மாலத்தீவைப் பத்தி சொல்லாம முடிக்க முடியாது, நம்ம சமையலறை வரைக்கும் வர்ற நாடு அது. மாசி தெரியும்ல, கட்டை மாதிரி காஞ்சிருக்கும், இடிச்சுத்தான் போடணும், இலங்கைல சம்பல்னாலே மாசி, நம்ம தென்கடலோர ஊர்கள்லயும் உண்டு, அந்த சூரை மீன் பிடிக்கிறதுதான் மாலத்தீவோட பரம்பரைத் தொழில். சூரைக்கு வலையே போட மாட்டாங்க. படகுல உயிரோட சின்ன மீன் வச்சிருப்பாங்க, அதைக் கடல்ல வீசி, தண்ணியை மழை மாதிரி பீச்சி அடிப்பாங்க, சூரைக் கூட்டம் மேல வரும், பின்னாடி வரிசையா நின்னு ஒவ்வொருத்தரும் தூண்டில் கழியால ஒவ்வொரு மீனா தூக்கிப் படகுல போடுவாங்க. ஆமையோ டால்பினோ மாட்ட வாய்ப்பே ரொம்பக் குறைவு. உலகத்துலயே நல்ல முறைன்னு சர்டிபிகேட்டும் வாங்கிருக்கு.

2011 ஜனவரில மாலத்தீவை ஐநா ரொம்ப ஏழ்மையான நாடுகள் லிஸ்ட்ல இருந்து வெளிய எடுத்துச்சு, வருமானம் ஏறிருச்சு, படிப்பு ஆரோக்கியம் ஏறிருச்சுன்னு. நல்ல விஷயம்தான, ஆனா அந்த லிஸ்ட்ல இருந்தா ஐரோப்பால வரி கிடையாது, வெளிய வந்தா உண்டு, 2014ல இருந்து டின்ல அடைச்ச சூரைக்கு 24% வரி. அதே இந்தியப் பெருங்கடல்ல பெரிய சுருக்கு வலை போட்டு அள்ளின சூரை சீஷெல்ஸ் தீவுல டின்ல அடைச்சுப் போனா தனி ஒப்பந்தம் இருக்கிறதால வரி இல்ல. சீஷெல்ஸ் மேல குறை சொல்லல, அதுவும் குட்டி நாடுதான். ஆனா வரி விதிக்கு ஒரு மீன் எப்படிப் பிடிச்சதுன்னு பாக்கத் தெரியல, எந்த லிஸ்ட்ல எந்த நாடுன்னு மட்டும்தான் தெரியுது. அந்த லிஸ்ட்டுக்கு மூணு அளவுகோல் இருக்கு, வருமானம், மனித வளம், மூணாவது ஆபத்துக்கு எவ்வளவு ஆளாகுதுங்கிறது. மூணுல ரெண்டு தேறினா போதும் வெளிய எடுத்துருவாங்க. நிலத்துல 80% கடல் மட்டத்துல இருந்து ஒரு மீட்டருக்கும் கம்மி உயரம், 2009ல நஷீத் ஜனாதிபதியா இருந்தப்ப மந்திரிசபையே கடலுக்கு அடியில மூச்சுக் கருவி மாட்டிட்டு உக்காந்து உலகத்துக்குக் காட்டின நாடு, ஆனா ரெண்டு தேறிருச்சுன்னு சலுகை போச்சு. பசிபிக்ல வனுவாட்டுவுக்கும் இதே, 2015ல பாம் புயல் அடிச்சு நொறுக்குனதால வெளிய எடுக்கிறதைத் தள்ளிப் போட்டாங்க, 2020 டிசம்பர்ல எடுத்துட்டாங்க, அதே வருஷம் ஏப்ரல்ல ஹெரால்டு புயல் வந்து அடிச்சிருந்துச்சு.

கப்பல் விஷயமும் ரெண்டு வார்த்தை. தீவுக்கு அரிசில இருந்து டீசல் வரைக்கும் கப்பல்லதான் வரணும், கப்பல் புகை உலகப் புகைல 3% கிட்ட. கப்பல் புகைக்கு வரி போட்டா தீவுக்கு விலைவாசி ஏறும், அது தெரிஞ்சும் மார்ஷல் தீவுகளும் சாலமன் தீவுகளும்தான் 2021ல ஒரு டன்னுக்கு 100 டாலர் வரி போடுங்க, அந்தக் காசுல ஏழை நாடுகளுக்கு உதவுங்கன்னு முதல்ல கேட்டாங்க. தனக்கே வலிக்கிற வரியைத் தானே கேட்ட நாடுகள் இவங்க, அதை மறந்துறக் கூடாது. 2025 ஏப்ரல்ல அதை விட ரொம்ப லேசான ஒரு திட்டம் லண்டன்ல இருக்கிற ஐநாவோட கப்பல் போக்குவரத்து அமைப்புல ஓட்டெடுப்புல தேறுச்சு, அக்டோபர்ல கடைசி முடிவு எடுக்க வேண்டிய நேரத்துல ஒரு வருஷம் தள்ளி வச்சுட்டாங்க.

இனிமே எங்க கவனிக்கணும்னா, 2025 நவம்பர்ல பிரேசில்ல பெலெம் நகரத்துல நடந்த காலநிலை மாநாட்டுல முதல் தடவையா ஒரு முடிவு எடுத்தாங்க, வர்த்தகமும் காலநிலையும் எங்க மோதுதுன்னு பேச 2026, 2027, 2028 மூணு வருஷமும் ஜூன் மாசக் கூட்டத்துல தனியா பேச்சுவார்த்தை, உலக வர்த்தக அமைப்பையும் கூப்பிட்டு. இத்தனை வருஷமா வியாபாரம் ஜெனீவால ஒரு ரூம்ல, காலநிலை வேற ஊர்ல வேற ரூம்லன்னு ஓடிட்டு இருந்துச்சு. பெரிய நாடு ஒவ்வொரு ரூமுக்கும் வக்கீல், பொருளாதார நிபுணர்னு தனித்தனி டீமே அனுப்பும். டொமினிகாவும் செயின்ட் லூசியாவும் பக்கத்துத் தீவுகளும் ஜெனீவால தனித்தனியா ஆபீஸ் வைக்கக் கட்டுப்படியாகாம எல்லாரும் சேந்து ஒரே ஆபீஸ் வச்சிருக்காங்க, வாழைல இருந்து மீன் வரைக்கும், இப்ப கார்பன் வரைக்கும், அத்தனை ஃபைலும் அந்த ஆபீஸ்ல இருக்கிற அதே சில பேர் மேஜைக்குத்தான் வரும்.